டச்பேட் இருக்கிறது, இயங்குதளத்துக்கு மட்டும் தெரியவில்லை: ஃபர்ம்வேர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன். ஒருவர் பயன்படுத்திய மடிக்கணினியை, பத்தாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்டதை, வாங்கியிருக்கிறீர்கள். விண்டோஸில் டச்பேட் வேலை செய்தது என்கிறீர்கள். அதை நீக்கிவிட்டு 5.10 கெர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) உள்ள லினக்ஸை நிறுவினீர்கள். எல்லாம் ஓடுகிறது, டச்பேட் மட்டும் இல்லை. அப்படி ஒரு பொருள் இருப்பதாகவே இயங்குதளம் காட்டவில்லை. ஒருவர் பூட் வரியில் (கெர்னல் எழும்போது அதற்குக் கொடுக்கும் அளவுருக்கள்) 'ஏசிபிஐ=ஆஃப்' என்று சேர்க்கச் சொன்னார்; ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) வன்பொருளைப் பற்றி இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏசிபிஐயை அது அணைத்துவிடும். சேர்த்தும் டச்பேட் வரவில்லை. பேட்டரி அளவும் மறைந்தது, எட்டுச் செயலிகள் தெரிந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. இன்னொருவர் ஏசிபிஐக்குள் இருக்கும் டிஎஸ்டிடி அட்டவணையைப் பிரித்துத் திருத்தச் சொல்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்கிறீர்கள். எனக்கு அதன் அடியில் வேறொரு கேள்வி தெரிகிறது: விரலுக்குக் கீழே இருக்கும் பொருளை இயங்குதளம் ஏன் காணவில்லை, அதைக் காணவைக்க ஃபர்ம்வேரின் எந்தச் சொல்லை மறுக்க வேண்டும்?

நான் பதினாறு ஆண்டுகளாகக் கெர்னலும் ஃபர்ம்வேரும் சந்திக்கும் இடத்திலேயே வேலை செய்கிறேன். புதிய போர்டு வந்தால் அதில் லினக்ஸை எழுப்புவதும், எழாவிட்டால் கெர்னல் எழுதிவைத்த பதிவுகளைத் தோண்டுவதும் என் அன்றாடம். ஆனால் உங்கள் இயந்திரத்தின் பதிவு என் கையில் இல்லை. ஆகவே பொதுவாக உறுதியானது எது, உங்கள் பதிவைப் பார்த்தால்தான் முடிவு செய்யக்கூடியது எது என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். யூஎஸ்பியில் செருகிய பொருளும் போர்டுக்குள் பிசிஐ இணைப்பில் அமர்ந்திருக்கும் பொருளும் கேட்டால் தாமே பதில் சொல்லும்: என்னைச் செய்தவர் இவர், நான் இன்ன வகை, எனக்கு இவ்வளவு முகவரி இடம் வேண்டும். ஐ2சி அப்படிப்பட்டதல்ல. இரண்டே கம்பிகள், ஒன்றில் தரவு, மற்றதில் கடிகாரத் துடிப்பு. அதில் தொங்கும் சிப்பிடம் 'நீ யார்' என்று கேட்பதற்கு எல்லாச் சிப்பும் பின்பற்றும் முறை அங்கே கிடையாது. அது எந்த முகவரியில் இருக்கிறது, விரல் பட்டதும் எந்தக் கம்பி வழியாகக் கெர்னலைக் கூப்பிடும் என்பதை வேறு யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். உங்கள் காலத்து மடிக்கணினிகளில் டச்பேட் பெரும்பாலும் இந்தக் கம்பிகளில்தான் இருக்கும். சொல்லி வைக்கும் பொறுப்பு ஃபர்ம்வேருடையது. சொல்லும் இடம் ஏசிபிஐ. அதனால் ஏசிபிஐயை அணைத்துவிட்டு ஐ2சி டச்பேடைத் தேடினால் அது ஒருநாளும் கிடைக்காது. உங்களுக்குக் கிடைத்த முதல் ஆலோசனை உங்கள் சிக்கலுக்கு நேர் எதிர்த் திசையில் போவது.

ஏசிபிஐ என்பது 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட வரையறை. 2013 முதல், யூஇஎஃப்ஐ என்ற இன்றைய ஃபர்ம்வேர் வரையறையைப் பராமரிக்கும் யூஇஎஃப்ஐ மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதில் சில அட்டவணைகள் வெறும் எண்கள்: எத்தனை செயலிகள், எந்தக் குறுக்கீட்டுக் கம்பி (சாதனம் கெர்னலைக் கூப்பிடும் வழி) எங்கே போகிறது என்பன போன்றவை. ஒரே செயலி மிஞ்சியதற்குக் காரணம் இதுதான். மற்ற ஏழின் விவரம் இருந்த அட்டவணையைக் கெர்னல் திறக்கவே இல்லை. டிஎஸ்டிடி வேறு வகை. அது எண்களின் பட்டியலாக நிற்காமல் நிரலாகவே இருக்கிறது. தயாரிப்பாளர் எழுதிய சிறுசிறு வழிமுறைகளை இயங்குதளம் தன் மொழிபெயர்ப்பியால் ஓட்டிப் பார்த்து, 'டச்பேட் இருக்கிறதா, எங்கே இருக்கிறது' என்று விடை பெறுகிறது. லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் இதற்கு இன்டெல் உருவாக்கிய ஏசிபிஐசிஏ என்ற நிரல்தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. விண்டோஸ் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. மடிக்கணினித் தயாரிப்பாளர் பெரும்பாலும் விண்டோஸில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார். வரையறைக்குப் புறம்பான வரி ஒன்று அங்கே தற்செயலாக ஓடிவிட்டால் அந்தப் பிழை யார் கண்ணிலும் படாது. 'விண்டோஸில் வேலை செய்ததே' என்று நீங்கள் எழுதியிருப்பது வன்பொருள் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்குச் சான்று. ஃபர்ம்வேர் சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

ஏசிபிஐயை மொத்தமாக அணைப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதைச் செய்திருக்கிறேன். ஒரு பயிற்சிக்கூடத்தில் நாற்பது கணினிகள் பூட் ஆகும்போது பாதியில் நின்றன. அணைத்துப் பார்த்தேன், எழுந்துகொண்டன. நாற்பதிலும் அதையே எழுதி வைத்தேன். அன்று மாலையிலிருந்து எந்தக் கணினியும் தானாக அணையவில்லை. ஷட்டவுன் கொடுத்தால் திரை கறுத்து விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். அங்கிருந்த உதவியாளர் ஒவ்வொரு நாளும் வரிசையாகப் போய் நாற்பது பொத்தான்களை நான்கு நான்கு விநாடி அழுத்திப் பிடித்தார். மூன்று வாரம் கழித்துத்தான் உட்கார்ந்து பதிவைப் படித்தேன். ஒரே ஒரு குறுக்கீட்டுக் கம்பியைப் பற்றி அட்டவணையில் தவறான வரி இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் நம்பாமலிருக்கச் சொல்லும் அளவுரு கெர்னலில் அப்போதே இருந்தது. அந்த மூன்று வாரத்துக்காக எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஃபர்ம்வேர் சொல்வதில் எந்த வாக்கியம் பொய் என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் மறுக்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்றதில் பெரும்பகுதி இதுதான். கண்டுபிடிப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும்.

பொய் எப்படியெல்லாம் வரும் என்பதற்கு ஒரு வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏசிபிஐ நிரல் இயங்குதளத்தைப் பார்த்து 'நீ யார்' என்று கேட்க வழி உண்டு. அதை ஓஎஸ்ஐ என்பார்கள். 'விண்டோஸ் 2009' என்றால் விண்டோஸ் 7. 'விண்டோஸ் 2015' என்றால் விண்டோஸ் 10. லினக்ஸிடம் 'நீ விண்டோஸ் 2015ஆ' என்று கேட்டால் ஆமாம் என்கிறது. 'நீ லினக்ஸா' என்று கேட்டால் இல்லை என்கிறது! கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் பட்டறிந்து எடுத்த முடிவு அது. 'ஆமாம், லினக்ஸ்' என்று சொன்ன காலத்தில், யாரும் சோதித்துப் பார்க்காத கிளைக்குள் ஃபர்ம்வேர் போய் விழுந்தது. 2015ஆம் ஆண்டின் டெல் எக்ஸ்பிஎஸ் 13 வேறு வழியில் கேட்டது. ஏசிபிஐயின் பதிப்பு எண் என்ன என்று கேட்கும். விண்டோஸ் அதற்கு '2' என்று பதில் சொல்லும், லினக்ஸ் அப்போது '5' என்று சொன்னது. 5 என்று கேட்டதும் ஒலி வன்பொருளைப் பழைய முறைக்கு மாற்றிவைத்தது. லினக்ஸுக்கு உதவும் எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் பதிப்பு எண் அடையாளச் சீட்டாகிவிட்டால் அதை ஒருபோதும் மாற்ற முடியாமல் போகும். கெர்னல் குழுவினர் அன்றிலிருந்து 2 என்றே சொல்வது என்று முடிவெடுத்து, அந்த ஒரு மாடலுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். 2012இல் லெனோவாவின் திங்க்சென்டர் எம்92பி இன்னும் வெளிப்படையாகவே செய்தது: பூட் பட்டியலில் உள்ள பெயர் விண்டோஸ் பூட் மேனேஜர் அல்லது ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் என்று இருந்தால்தான் எழுந்தது.

உங்கள் டச்பேடுக்கு நெருக்கமான கதை வேறு. உங்கள் செயலித் தலைமுறையிலேயே நடந்தது என்பதால் அதை நிதானமாகச் சொல்கிறேன். டச்பேட் தொங்கும் ஐ2சி கம்பிகளை இயக்குவது சிப்செட்டுக்குள் இருக்கும் ஒரு கட்டுப்படுத்தி. அது பிசிஐ பொருளாகத் தெரியும். இன்டெல் மடிக்கணினிகளில் வழக்கமாக 00:15.0 என்ற இடத்தில் இருக்கும். அதற்கு 4096 பைட் முகவரி இடம் வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்தை ஃபர்ம்வேர் ஒதுக்கித் தராவிட்டால் கெர்னல் ஒதுக்க வேண்டும். எங்கே ஒதுக்கலாம் என்பதற்குக் கெர்னலிடம் இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன. ஒன்று, ஈ820 என்ற நினைவக வரைபடம். எது பயன்படுத்தத்தக்க ரேம், எது தொடக்கூடாத இடம் என்று சொல்வது. இன்னொன்று, ஏசிபிஐக்குள் சிஆர்எஸ் என்ற வழிமுறை; பிசிஐ பொருட்களுக்கு இந்த எல்லையிலிருந்து இந்த எல்லை வரை உரிமை உண்டு என்று சொல்வது. நில ஆவணம் பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே விளங்கும்: ஒன்று புறம்போக்குப் பட்டியல், மற்றது பட்டா.

லெனோவாவின் ஐடியாபேட் 3 மாடல் ஒன்றில் பட்டா ஏறத்தாழ 1.58 ஜிபியிலிருந்து 3 ஜிபி வரையிலான முகவரிகளுக்கு எழுதப்பட்டிருந்தது. ஈ820 வரைபடமோ ஏறத்தாழ 1.18 ஜிபியிலிருந்து 3.25 ஜிபி வரை முழுவதையும் ஒதுக்கப்பட்ட இடம் என்றது. பட்டா நிலம் முழுவதும் புறம்போக்குக்குள் விழுந்துவிட்டது. லினக்ஸ் இரண்டையும் நம்பியது, பட்டாவிலிருந்து புறம்போக்கைக் கழித்தது, மிச்சம் சுழியம். நான்கு கிலோபைட் இடம் கேட்ட கட்டுப்படுத்திக்கு 'இடமில்லை' என்று பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விட்டது. கட்டுப்படுத்தி எழவில்லை, அதன் கம்பிகள் உயிர் பெறவில்லை, கம்பிகளின் முனையில் இருந்த டச்பேடைத் தேட யாரும் போகவில்லை. பயனருக்குத் தெரிந்ததெல்லாம் அசையாத அம்புக்குறி மட்டும்.

இதில் என் மனத்தை அதிகம் உறுத்துவது, கழிக்கும் அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதுதான். பிசிஐ சாளரத்துக்குள், அதாவது பட்டா நிலத்துக்குள், விண்டோஸ் மேற்கோடியிலிருந்து இடம் ஒதுக்கிக்கொண்டு கீழே வரும். லினக்ஸ் கீழிருந்து மேலே போகும். அதனால் சாளரத்தின் கீழ்ப்பகுதியில் ஃபர்ம்வேர் தவறாகச் சேர்த்துவிட்ட இடம் விண்டோஸின் காலில் படாது, லினக்ஸ் நேராகப் போய் மிதிக்கும். 2010இல் லினக்ஸும் மேலிருந்து ஒதுக்கிப் பார்த்தது. அது வேறு இயந்திரங்களைக் கெடுத்ததால் கைவிட்டு, அதற்கு ஈடாக 'ஈ820 ஒதுக்கிய இடங்களைச் சாளரத்திலிருந்து கழித்துவிடு' என்ற விதியைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கால ஃபர்ம்வேருக்கு அது சரியான மருந்து. பத்தாண்டு கழித்து வந்த ஃபர்ம்வேரில் அதே மருந்து நோயாகிவிட்டது. காரணமும் பிறகு தெளிந்தது. அந்தப் பெரிய இடத்தை யூஇஎஃப்ஐ தன் வரைபடத்தில் சாதன முகவரிப் பகுதி என்று குறித்திருந்தது. 'என் சேவைகள் ஓடும்போது இதை எனக்கு எட்டும்படி வைத்திரு' என்பதுதான் அதன் பொருள். பூட் நேரத்தில் அதை ஈ820 வடிவத்துக்குப் பெயர்த்தபோது, பொருத்தமான வகை அங்கே இல்லாததால் 'ஒதுக்கப்பட்டது' என்றானது. 'இது சாதனங்களின் இடம்' என்று சொன்னது 'இங்கே எந்தச் சாதனமும் வரக்கூடாது' என்று போய்ச் சேர்ந்தது.

2022 ஜூலையில் வெளியான 5.19 கெர்னலில் திருத்தம் வந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, அவற்றில் மட்டும் கழிக்காதே என்றார்கள். 2023 அல்லது அதற்குப் பிந்தைய தேதியிட்ட பயாஸ் (ஃபர்ம்வேரின் பழைய பெயர்) உள்ள எல்லா இயந்திரங்களிலும் கழிக்காதே என்று பொது விதியும் வைத்தார்கள். பட்டியலில் இல்லாதவர்கள் தாமே முயன்று பார்க்க 'பிசிஐ=நோ_ஈ820' என்ற பூட் அளவுருவும் வந்தது. பின்னர் அந்தப் பெரிய சாதனப் பகுதியை ஈ820 வரைபடத்தில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். அது வேறு சில இயந்திரங்களில் பிசிஐ அமைப்புப் பதிவேடுகளைப் படிப்பதையே கெடுத்ததால் 2023 தொடக்கத்தில் அதற்கும் ஒரு திருத்தம் வேண்டியதாயிற்று. இப்படித்தான் ஒவ்வொரு மருந்தும் போகும். ஏஎம்டி ரைசன் மடிக்கணினிகளில் விசைப்பலகை வேலை செய்யாமல் போனதும் இதே பாதையில்தான் நகர்ந்தது: முதலில் சில மாடல்களின் பட்டியல், பிறகு சிப் குடும்பம் முழுவதற்கும் ஒரு விதி, அந்த விதியால் விசைப்பலகை இழந்தவர்களுக்காக விலக்குகள், 2023இல் மற்றோர் ஏசிபிஐ அட்டவணை சொல்வதையும் ஒப்பிட்டு முடிவெடுக்கும் மாற்றம்.

உங்கள் இயந்திரத்தில் நடப்பது இதுதானா என்றால், இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். செயலித் தலைமுறையும் 5.10 கெர்னலும் பொருந்துகின்றன. ஆனால் இதே அறிகுறியை வேறு மூன்று நான்கு காரணங்களும் தரும். ஊகத்தை விட்டுவிட்டுப் பதிவைத் திறங்கள். 'ஏசிபிஐ=ஆஃப்' வரியை எடுத்துவிட்டு வழக்கம்போல் பூட் செய்து, கெர்னல் பதிவில் 00:15.0 என்று தேடுங்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'நோ ஸ்பேஸ் ஃபார்', 'ஃபெய்ல்ட் டு அசைன்' என்ற சொற்கள் இருந்தால் நான் மேலே சொன்ன கதை உங்களுடையதும்தான் என்று ஏறக்குறைய உறுதி செய்துகொள்ளலாம். அப்படி எதுவும் இல்லாமல் ஐ2சி கட்டுப்படுத்தி எழுந்திருக்கிறது, ஆனால் 'டைம்டு அவுட்' என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சிக்கல் கட்டுப்படுத்திக்கு அப்பால், டச்பேடுக்கோ அதன் குறுக்கீட்டுக் கம்பிக்கோ போய்விட்டது. டச்பேடைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், டிஎஸ்டிடி நிரல் 'டச்பேட் இல்லை' என்றே விடை சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு. அங்கேதான் ஓஎஸ்ஐ கேள்வி வரும். பதிவின் தொடக்கத்தில் சிவப்பு நிறத்தில் 'ஏசிபிஐ பயாஸ் எர்ரர்' என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் ஓடுவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். தயாரிப்பாளர் பல மாடல்களுக்கு ஒரே நிரலை ஒட்டிப் போட்டதில், உங்கள் மாடலில் இல்லாத பொருளை அது தேடித் தோற்றுப்போகும் புலம்பல்தான் பெரும்பாலும். பலர் அந்த வரிகளைத் துரத்திக்கொண்டு போய் வாரக்கணக்கில் நேரம் இழந்திருக்கிறார்கள்.

எந்த அளவுருவையும் தொடுவதற்கு முன் நான்கு எளிய காரியங்களைச் செய்துவிடுங்கள். மின்கம்பியைப் பிடுங்கி, இயந்திரத்தை முழுமையாக அணைத்து, பொத்தானைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு எழுப்புங்கள். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' முழுதாக அணைக்காமல் பாதித் தூக்கத்தில் விட்டுப்போன வன்பொருள் இதிலேயே தெளிந்துவிடுவது உண்டு. பயாஸ் அமைப்புக்குள் போய் டச்பேட் என்ற தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவனங்களின் மாடல்களில் 'பேசிக்', 'அட்வான்ஸ்டு' என இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் பழைய பிஎஸ்/2 சுட்டியாகவும் மற்றதில் ஐ2சி டச்பேடாகவும் தன்னைக் காட்டிக்கொள்ளும். அடுத்து, இன்றைக்குக் கிடைக்கும் மிகப் புதிய கெர்னல் உள்ள ஏதாவது ஒரு லினக்ஸ் வினியோகத்தை யூஎஸ்பி குச்சியில் எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே பூட் செய்யுங்கள். அதில் டச்பேட் வந்துவிட்டால் உங்கள் சிக்கலை யாரோ ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறார்கள். கெர்னலைப் புதுப்பிப்பதோடு வேலை முடிந்தது. கடைசியாக, தயாரிப்பாளரின் பயாஸ் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்களின் ஃபர்ம்வேரை எஃப்டபிள்யூயுப்டி என்ற கருவி லினக்ஸிலிருந்தே புதுப்பிக்கும். பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், மின்கம்பி செருகியிருக்க வேண்டும், நடுவில் கை வைக்கக்கூடாது.

புதிய கெர்னலிலும் 'நோ ஸ்பேஸ்' என்ற சொற்கள் உள்ள வரி நீடித்தால், பூட்டின்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் திரையில் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் 'பிசிஐ=நோ_ஈ820' என்று சேர்த்துப் பாருங்கள். கோப்பில் நிரந்தரமாக எழுதிவிடாதீர்கள். டச்பேட் வந்தால் மட்டும் எழுதுங்கள். எழுதியபின் தூங்கவைத்து எழுப்புவது, வெளித் திரை, ஒலி எல்லாவற்றையும் ஒருமுறை சோதியுங்கள். முகவரி ஒதுக்கீடு மாறினால் அதன் விளைவு டச்பேடோடு நிற்காது. பதிவு ஓஎஸ்ஐ பக்கம் கை காட்டினால், ஏசிபிஐ_ஓஎஸ்ஐ அளவுருவால் குறிப்பிட்ட ஒரு விண்டோஸ் பெயருக்கு மட்டும் 'இல்லை' என்று சொல்ல வைக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு அளவுருக்களை மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் ஐந்தாறு அளவுருக்களைப் பூட் வரியில் சுமந்துகொண்டு திரியும் இயந்திரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு கெர்னல் கழித்து அதில் ஒன்று புதிய சிக்கலாக வந்து நிற்கும்.

இனி டிஎஸ்டிடியைத் திருத்துவது பற்றி. முடியும். அட்டவணைகளை ஏசிபிஐடம்ப் கருவியால் எடுத்து, ஐஏஎஸ்எல் தொகுப்பியால் பிரித்து, திருத்தி, மறுபடி தொகுத்து, தொடக்க ரேம் வட்டு (கெர்னலோடு சேர்ந்து முதலில் ஏற்றப்படும் கோப்பு) முன்னால் ஒட்டிவிட்டால் கெர்னல் ஃபர்ம்வேரின் அட்டவணைக்குப் பதிலாக உங்களுடையதை எடுத்துக்கொள்ளும். நான் இதைப் பிழை எங்கே என்று உறுதிசெய்யப் பயன்படுத்துகிறேன், அன்றாட ஓட்டத்துக்கு விடுவதில்லை. காரணங்கள் உண்டு. டிஎஸ்டிடிக்குள் சில நினைவக முகவரிகள் அப்படியே எழுதப்பட்டிருக்கும். பயாஸைப் புதுப்பித்தாலோ சில நேரங்களில் ரேமைக் கூட்டினாலோகூட அவை மாறும். உங்கள் பழைய நகல் அப்போது யாருக்கோ சொந்தமான முகவரியில் எழுதத் தொடங்கும். கையொப்பமிட்ட நிரலை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் இயங்கும்போது பல வினியோகங்களின் கெர்னல் இந்த மாற்று அட்டவணையை ஏற்காது. ஏற்றாலும், அட்டவணை மாற்றப்பட்டது என்று தன்மேல் ஒரு கறை குறித்துக்கொள்ளும்; அதன் பிறகு நீங்கள் அனுப்பும் பிழை அறிக்கையைக் கெர்னல் உருவாக்குநர்கள் தயக்கத்தோடுதான் பார்ப்பார்கள். உங்கள் நிலையில் இது கடைசிக் கதவு. மேலே சொன்ன மற்றக் கதவுகளை முதலில் தட்டிவிட்டு வாருங்கள்.

யூஇஎஃப்ஐ மாறிகள் (ஃபர்ம்வேரின் அமைப்பு மதிப்புகள்) சேமிக்கப்படும் சிறு நினைவகத்தின் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். 2013 ஜனவரியில் சில சாம்சங் மடிக்கணினிகள் யூஇஎஃப்ஐ வழியாக லினக்ஸைப் பூட் செய்ததும் மறுபடி எழாமல் வெறும் செங்கல்லாகிவிட்டன. முதலில் லினக்ஸ் இயக்கி ஒன்றின்மேல் பழி விழுந்தது. பிறகு மாத்யூ காரெட் என்ற கெர்னல் உருவாக்குநர், அந்தச் சேமிப்பில் தரவை நிறைய எழுதினாலே போதும், விண்டோஸிலிருந்தும் அதே கதி நேரும் என்று செய்து காட்டினார். 2016இல் கட்டளை ஒன்றால் எல்லாக் கோப்புகளையும் அழிக்கப் போனவரின் இயந்திரத்தில் அந்த மாறிகளும் அழிந்து, மறுபடி எழவே இல்லை. மாறிகள் இல்லாவிட்டால் இயல்பு மதிப்புகளோடு எழ வேண்டியது ஃபர்ம்வேரின் கடமை. அந்த ஃபர்ம்வேர் அதைச் செய்யவில்லை. 4.5 கெர்னலிலிருந்து பெரும்பாலான மாறிகள் எளிதில் அழிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கின்றன. பூட் அளவுருவில் செய்த தவறு அடுத்த பூட்டில் மறைந்துவிடும். இங்கே செய்த தவறு போர்டை மாற்றும் வரைகூட நீடிக்கலாம்.

எந்த வழியில் தீர்ந்தாலும், புதிய கெர்னலில் தானாகத் தீராமல் அளவுரு கொடுத்துத்தான் தீர்ந்தது என்றால் அதை அறிக்கையாக எழுதுங்கள். கெர்னலின் மாடல் பட்டியல் டிஎம்ஐ என்ற அடையாளத் தகவலை வைத்துத்தான் இயங்குகிறது: நிறுவனப் பெயர், பொருள் பெயர், போர்டு பெயர், பயாஸ் தேதி. முதலில் உங்கள் இயந்திரத்தில் அவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிராண்டுகள் பல மாறி மாறி ஒட்டிக்கொள்ளும் மலிவு இயந்திரங்களில் நிறுவனப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்ட் பை ஓஇஎம்' என்றே எழுதியிருக்கும். அந்த இடத்தைத் தயாரிப்பாளர் நிரப்ப வேண்டும் என்று பயாஸ் எழுதியவர் விட்டுச்சென்ற குறிப்பு அது, யாரும் நிரப்பவில்லை. அந்தப் பெயரை நம்பி ஒரு விதி எழுதினால் சம்பந்தமே இல்லாத எத்தனையோ போர்டுகளில் அது பாயும். அப்படியிருந்தால் போர்டு பெயரும் பயாஸ் பதிப்பும் உங்கள் அறிக்கையில் கட்டாயம் வேண்டும்.

அறிக்கையோடு அளவுரு இல்லாத பூட்டின் முழுப் பதிவு, அளவுருவோடு எழுந்த பூட்டின் முழுப் பதிவு, ஏசிபிஐடம்ப் வெளியீடு, டிஎம்ஐ தகவலைப் படித்துக் காட்டும் டிஎம்ஐடிகோட் கருவியின் வெளியீடு நான்கும் போக வேண்டும். டிஎம்ஐடிகோட் வெளியீட்டில் உங்கள் இயந்திரத்தின் வரிசை எண்ணும் யூயுஐடி என்ற தனி அடையாள எண்ணும் இருக்கும். பொதுவெளியில் போடும் முன் அந்த வரிகளை அழித்துவிடுங்கள். இங்கே எனக்கு இப்போதைக்கு முழுப் பதிவு வேண்டாம். 00:15.0 என்று தொடங்கும் வரிகள், 'ரூட் பஸ் ரிசோர்ஸ்' என்று இருக்கும் வரிகள், பதிவின் முதல் பக்கத்தில் வரும் ஈ820 வரிகள், இந்த மூன்றையும் நகலெடுத்துப் போடுங்கள். பட்டாவும் புறம்போக்கும் மோதுகின்றனவா என்பதை அவற்றை வைத்தே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.